தோளில் கிடந்த துண்டு

துண்டைத் தொடக்கூடாது. புருவத்தில் தேங்கிய வேர்வை ஒரு சொட்டாகத் திரண்டு இடது கண்ணுக்குள் இறங்கியதுமே தணிகாசலத்தின் வலது கை தோளை நோக்கிக் கிளம்பிவிட்டது. பாதி வழியில் அதை மடக்கி, தொடைக்கடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கண் எரிந்தது. எரியட்டும். துறைமுக வாசலில் முப்பது வருஷம் சங்கத் தலைவராக இந்தக் கையை வீசி வீசிப் பேசியவர், இப்போது அதையே கைதியைப் போல அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சித்திரை வெயில். சவுக்குக் கம்பு நட்டு, பலகை அடித்து, அவசரமாகக் கட்டிய காலரி. பந்து தரையில் விழும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்வு பலகை வழியாக ஏறி இடுப்பெலும்பில் வந்து தட்டுகிறது. டம். டம். மூடிய வீட்டுக் கதவை யாரோ அவசரமில்லாமல் தட்டுவதுபோல. சுற்றிலும் ஆயிரக்கணக்கான தலைகள். பந்து இடது பக்கம் போனால் எல்லாத் தலையும் இடது பக்கம். வலது பக்கம் போனால் வலது பக்கம். காற்றில் சாயும் பயிர் மாதிரி. ஆனால் அந்தப் பயிருக்கு நடுவே அங்கங்கே முளை அடித்தாற்போல் சில தலைகள் மட்டும் திரும்புவதே இல்லை. எதிர்க் காலரியில் கொடிக்கம்பத்தின் அடியில் ஒன்று, அது சரக்குத் தூக்கும் வின்ச் டிரைவர் ஆதிமூலம். குடிநீர்ப் பானைக்குப் பக்கத்தில் இரண்டு. பத்திரிகைக்காரர்கள் பந்தலுக்கு மேலே ஒரு வரிசை. எல்லாம் அவருடைய ஆட்கள், மூட்டை சுமந்து கழுத்து தடித்தவர்கள். அவர்கள் பந்தைப் பார்க்க வரவில்லை. அவர்கள் பார்ப்பதெல்லாம் தணிகாசலத்தின் வலது தோளை. அதில் கிடக்கும் சிவப்புத் துண்டை. அதை எடுத்துத் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். கயிற்றைத் தாண்டிக் குதித்து, மடியில் இருக்கும் பிரசுரங்களை வீசி, கோஷம் போட்டு, ஆடுகளத்தில் குறுக்கே மல்லாந்து படுத்துவிடுவார்கள். அப்படித்தான் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்தவரும் அவர்தான்.

தப்பான ஏற்பாடு என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து நாட்டு அணிகள் வந்திருக்கின்றன, சர்வதேசக் கூடைப்பந்துப் போட்டியாம், தேசம் சுதந்திரம் வாங்கிய பத்தாவது வருஷத்தைக் கொண்டாட. கொண்டாடட்டும். ஆனால் அந்த ஐந்தில் ஒன்று, இன்றைய எதிரணி, அந்தத் தேசம். போன மாசம்தான் ஆப்பிரிக்கக் கரையில் தன் காலனித் துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்ட மூட்டைக்காரர்களை வரிசையாக நிற்கவைத்துச் சுட்டது. செத்தவன் பேர் தெரியாது, முகம் தெரியாது, ஆனால் அவன் முதுகு தெரியும். மூட்டை சுமக்கிற முதுகு எந்தக் கடற்கரையிலும் ஒன்றுதான். அந்தத் தேசத்துக் கப்பல் வந்தபோது மூன்று நாள் ஒரு பெட்டியைக்கூட இறக்கவிடாமல் நிறுத்தியவர் தணிகாசலம். அதே தேசத்தானுக்கு இங்கே ரோஜா மாலை, மந்திரி கையால். 'ரத்தம் தோய்ந்த கையைத் தொடாதே' என்று தலைப்புப் போட்டு அவரே பிரசுரம் எழுதினார். பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல அந்தத் தமிழ். கூட்டத்துக்குக் கூட்டம் பொறுக்கிய பிரசுரங்களை விளக்குக் கம்பத்தடியில் எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்துச் சேர்த்தது. சங்கக் கமிட்டியில் எல்லாரும் கை தூக்கினார்கள். ஆதிமூலம் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, 'அண்ணாத்தே, நம்ம டீம்ல பரிதி ஆடறான். சைகைய வேற யாராவது குடுக்கட்டுமே' என்றான். அங்கேதான் கொதித்துவிட்டது. 'இன்னாடா, எம் புள்ள ஆடறான்னு நான் பின்வாங்கிடுவேன்னு பார்த்தியா? சைகை நான்தான் குடுப்பேன். என் துண்டு.' அதோடு விட்டிருக்கலாம். ஆதிமூலம் மறுபடியும், 'சரி அண்ணாத்தே, ஏதாச்சும் கோளாறுன்னா வேணாம்னு சொல்லவும் ஒரு சைகை வெச்சிக்கலாம்' என்றான். கமிட்டி முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது. என்ன திமிர் பிடித்த வாய் அது. 'பின்வாங்க சைகை கேக்கறவன் பின்வாங்கத்தான் வரான்.' கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இப்போதும் காதில் கேட்கிறது. ஆக, போகச் சொல்லச் சைகை இருக்கிறது. போகாதே என்று சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே ஒருவரோடொருவர் பேசக்கூடாது, கூட உட்காரக்கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். தன் வாயாலேயே ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்த மனுஷன்.

இப்போது அந்தத் துண்டு எழும்பக்கூடாது. ஏனென்றால் அவர் பின்பக்கமாக வந்தார். முன்வாசல் படி முழங்காலுக்கு ஆகாது. அங்கே நிற்கிற உளவுக்காரர்களில் பாதிப்பேருக்கு அவர் முகம் மனப்பாடம். பின்சந்தில் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் கொட்டகை, தகரக் கதவு, ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டு. இருட்டுக்குள் காக்கி. ஆயுதப் போலீஸ். தரையில் வரிசையாகச் சம்மணம் போட்டுப் பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. அத்தனை பேர் சாப்பிடுகிற இடத்தில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை, வாழை இலை சரசரப்பு மட்டும். சுவரோரமாகத் துப்பாக்கிகள், ஒன்றின்மேல் ஒன்று சாயாமல், பள்ளிப் பிள்ளைகள் குடை சாத்தி வைப்பதுபோல் ஒழுங்காக. தடியல்ல. தடி அவருக்குப் பழக்கம். கழுத்தெலும்பில் ஒன்று வாங்கி, அது கோணலாகச் சேர்ந்து, மழைக்காலத்தில் இன்னும் பேசுகிறது. இது துப்பாக்கி. ஒருவன் விரலில் ஊறுகாயை நக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து அவரைப் பார்த்துச் சிரித்தான். கெட்ட சிரிப்பல்ல. தாத்தாவைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அவர் மைதானத்துக்குள் வந்து சேர்ந்தபோது ஆட்களெல்லாம் முன்வாசல் வழியாக வந்து இடம் பிடித்துவிட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொட்டகை தெரியாது. இங்கே தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் கணமே முடிவு செய்துவிட்டார்: துண்டு எழும்பாது. ஆட்டம் முடியட்டும், கூட்டம் கலையட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். சொன்னால் நம்புவார்களா? கொட்டகையைப் பார்த்தேன், துப்பாக்கியைப் பார்த்தேன் என்று சொன்னால் ஆதிமூலம் தலையை ஆட்டுவான், வெளியே போய்க் காறித் துப்புவான். புள்ளைக்காகத் துண்டை மடக்கினவன் என்று. சரி, துப்பட்டும். ஆனால், தணிகாசலம், உண்மையைச் சொல், துப்பாக்கியைப் பார்த்ததால் வேண்டாம் என்கிறாயா, இல்லை வேண்டாம் என்று வரும்போதே மனசுக்குள் இருந்ததற்குத் துப்பாக்கி வந்து சாட்சி சொன்னதா? கொட்டகை காலியாக இருந்திருந்தால் சுற்றியிருப்பாயா? இந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. நாக்கு போய்ப் போய் அங்கேயே நிற்கிறது, எடுக்கவும் வரவில்லை.

'பெரியவரே, இன்னா இப்படி ஊத்துது உங்களுக்கு, வேர்வை?' பக்கத்து ஆள். வந்ததிலிருந்து வேர்க்கடலையை உடைத்துத் தோலை ஊதிக்கொண்டே பேசுகிறவன். பேர் கஜபதி, டிராம் ஓடின காலத்தில் கண்டக்டர், டிராமை நிறுத்தியபிறகு எதுவும் இல்லை. இதையெல்லாம் கேட்காமலே சொல்லிவிட்டான். ஆட்டத்தின் சட்டதிட்டமெல்லாம் சொல்லிக்கொடுத்தான். ஒரு கூடைக்கு ரெண்டு புள்ளி, இடிச்சா பவுல், பந்தைக் கையில் வெச்சிக்கினு நடந்தா தப்பு. ஆனால் அவன் கால். தணிகாசலத்தின் பார்வை அவன் காலை விட்டு நகரவில்லை. கிழிந்த வேட்டிக்குக் கீழே கனத்த சிவப்பு பூட்ஸ், மூக்கில் பாலிஷ். அந்த பூட்ஸ் யார் போடுவது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். விலா எலும்புக்கும் தெரியும். வேலையில்லாத கண்டக்டருக்கு அந்த பூட்ஸ் எங்கிருந்து வந்தது? ஏன் இவ்வளவு பேசுகிறான்? 'கண்ணுக்குள்ள போவுது பாருங்க, தொடச்சிக்கக் கூடாதா? தோள்ல துண்ட வெச்சிக்கினு...' சொல்லிக்கொண்டே கஜபதி கையை நீட்டி, வெகு உரிமையாக, துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தான். துணி தோளில் நழுவியது. எதிர்க் காலரியில் ஆதிமூலம் பாதி எழுந்துவிட்டான். தணிகாசலம் கஜபதியின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் கடலை சிதறியது. 'விடு.' 'அய்யோ, கை, கை! இன்னாங்க நீங்க, துண்டத் தொட்டா தீப் புடிச்சிக்கும்போல!' 'புடிச்சிக்கும்.' 'வேண்டுதலா?' என்றான் கஜபதி, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே. நாற்பது வருஷமாகச் சாமி இல்லை என்று பேசிய தணிகாசலம், 'ஆமா' என்றார். ஆதிமூலம் மெள்ள உட்கார்ந்தான். 'அந்த பூட்ஸ் ஏது உனக்கு?' என்று கேட்டுவிட்டார். கஜபதி காலைத் தூக்கிக் காட்டினான், பெருமையாக. 'மூர் மார்க்கெட்டு. எவனோ ஏட்டு ரிடையர் ஆயி வித்துட்டுப் போனது. போட்டுக்கினு நடந்தா நானே என்னப் பாத்து ஒதுங்கறேன்!' பின்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். உண்மையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நம்பி நம்பிக் கெட்டவர்களையும் தெரியும், சந்தேகப்பட்டே தனியாகச் செத்தவர்களையும் தெரியும்.

டம். டம். பந்து அவன் கையில். பரிதி. மைக்கில் அவன் பேரை இங்கிலீஷில் சொன்னார்கள், கூட்டம் 'பரிதி! பரிதி!' என்று கத்தியது. அவர் வைத்த பேர் செம்பரிதி. ஜெயிலில் இருந்தபோது பிறந்தான். சுவர் மேலே தெரிந்த காலைச் சூரியனைப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்பிய பேர். ரயில்வேயில் ஆட்டக்காரர் கோட்டாவில் வேலை என்றபோது அந்த ஆபீசர் 'செம்' எதுக்குப்பா, கம்யூனிஸ்ட் கடைப் பலகை மாதிரி இருக்கு என்றாராம். பையன் அந்த இரண்டு எழுத்தையும் வெட்டிக் கொடுத்துவிட்டு வேலை வாங்கி வந்தான். அன்றிலிருந்து அவனோடு நிறையப் பேச்சு இல்லை. அவன் ஆடி இதுவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. பணக்காரப் பையன்கள் வெள்ளைக்காரப் பாதிரியிடம் கற்றுக்கொண்ட விளையாட்டு, இரும்பு வளையத்தில் பந்தைப் போட்டுவிட்டு ஓடுகிற வேலை, இதற்கெல்லாம் நேரம் ஏது. நேற்றுச் சாயங்காலம் அவன் சட்டைக்கு எண் தைத்துக்கொண்டிருந்தாள் அவன் அம்மா பவளாம்பாள். அவன் சாப்பிட்டுவிட்டு எழுந்து, வாசற்படியில் நின்று, 'நைனா, நாளைக்கு நீங்க எதுனா பண்ணப் போறீங்களா?' என்றான். 'யார் சொன்னா?' 'யாரும் சொல்லல. உங்க மூஞ்சி சொல்லுது.' 'அவங்க கைல ரத்தம் இருக்குடா.' 'இருக்கு நைனா. எனக்கும் தெரியும். ஜெயிச்சிட்டு வந்து அவனுங்க மூஞ்சில சொல்றேன், ஆனா ஆடாம சொன்னா யாரு கேப்பா?' வாய்க்கு வாய் பதில், யாருடைய வாய் அது. 'உங்கப்பன் ஆடாமத்தான்டா ஊரையே கேக்க வெச்சான்.' போகும்போது, 'ஒரு தடவ வந்து பாருங்க நைனா. கத்த வேணாம். சும்மா பாருங்க' என்றான். பவளாம்பாள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, 'புள்ளயப் பாக்கறதுக்குக் கூட உங்களுக்குக் கமிட்டி கூடணும்' என்றாள். இப்போது பார்க்கிறார். யாரும் சொல்லவில்லை அவரிடம், அவன் இப்படி இருப்பான் என்று. அந்த உயரம் எங்கிருந்து வந்தது? அவன் ஓடும்போது தரையில் பாதம் படுகிற விதம், தோளைச் சாய்த்து இருவருக்கு நடுவில் நுழைகிற விதம். மூட்டையோடு கப்பலின் பலகைப் பாலத்தில் இறங்கும்போது தணிகாசலம் இருபது வயதில் இப்படித்தான் சாய்ந்து இறங்குவார். அதைப் பார்த்தவர்கள் இன்று யாரும் உயிரோடில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது அவன் தோளில் போய் உட்கார்ந்திருக்கிறது.

இடைவேளையில் ஒரு முயற்சி செய்தார். சுற்றிப் போய் ஆதிமூலத்தின் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடலாம் என்று எழுந்தார். எழுந்ததுதான் தாமதம், அசையாத தலைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. கைகள் மடிக்குப் போயின. ஒருவன் கயிற்றின்மேல் காலையே வைத்துவிட்டான். இப்படி ஒரு கட்டுப்பாட்டை உண்டாக்கத்தான் ஆயுள் முழுக்கப் பாடுபட்டார். அது இப்போது கழுத்தில் சுருக்காக விழுந்து கிடக்கிறது. உட்கார்ந்துவிட்டார். பின்பக்கம், பலகைகளுக்கு அடியில், சந்து இருக்கும் திசையில் ஏதோ ஓர் ஓசை. தகரமா? காற்றா? அவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். இலையைச் சுருட்டி எறிந்து, கை கழுவி, சுவரோரம் போய் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது. கேட்டுக்கொண்டே பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார். எதிரணியில் ஒன்பதாம் நம்பர், செம்பட்டை முடி, பனைமரம் மாதிரி உயரம், இடித்ததில் பரிதி மல்லாந்து விழுந்தான். ஊதல். ஒன்பதாம் நம்பர் குனிந்து கையை நீட்டினான். தணிகாசலத்தின் உடம்பு முறுக்கேறியது. தொடாதே. எழுதியிருக்கிறேனடா, கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறேன், தொடாதே. பரிதி அந்தக் கையைப் பிடித்து எழுந்தான். கைகுலுக்கலல்ல, விழுந்தவன் எழுவதற்குப் பிடிக்கிற பிடி. அந்த வெள்ளைக் கையின் கட்டைவிரலில் ரத்தம் ஊறிய அழுக்குத் துணிக்கட்டு. ரத்தம் அதன் சொந்த ரத்தம்போலத்தான் இருந்தது. அந்தக் கணத்தில் துண்டைச் சுற்றியிருப்பார்; கோபத்தில், வெறும் கோபத்தில், விரல்கள் தொடைக்கடியிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டன. கோபம் அவருக்குத் தெரிந்த வியாதி. அது வரும் வழி தெரியும், அதை அடக்கும் வழியும் ஜெயிலில் கற்றுக்கொண்டார்: மூச்சை இழுத்து, கடல் எத்தனை அலை என்று எண்ணு. எண்ணினார். கை மறுபடி உள்ளே போனது. வென்றுவிட்டேன் என்று நினைத்தார். வேர்வையை வென்றேன், கஜபதியை வென்றேன், கோபத்தையும் வென்றேன். இனிமேல் என்ன இருக்கிறது. மந்திரி பக்கத்தில் ஒருவன் பரிசுக் கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முடியப்போகிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்தான், தோழர்களே, உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், அப்புறம் காறித் துப்பிக்கொள்ளுங்கள், உயிரோடு நின்று துப்புங்கள்.

'ஒரு புள்ளி! ஒரே ஒரு புள்ளி பின்னால இருக்கோம்!' கஜபதி அவர் முழங்காலைப் பிடித்துக் குலுக்கினான். பந்து அவர்களிடம். ஒன்பதாம் நம்பர் நேரத்தை ஓட்டுவதற்காக மெதுவாகத் தட்டிக்கொண்டு வந்தான், டம், டம், அவசரமே இல்லாமல். மேஜையில் ஊதலை வாயில் வைத்துக்கொண்டு ஒருவன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். தோற்றுப்போகட்டும், என்று நினைத்தார் தணிகாசலம், தோற்று, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன், பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடச் சொல்வேன், சண்டை போட்டதெல்லாம் போதும், செம் இல்லாவிட்டால் என்ன, பரிதி பரிதிதான், அவன் கையை, இல்லை, அது என்ன, அவன் குனிந்தான், செம்பட்டை முடிக்காரனின் கைக்கும் தரைக்கும் நடுவில் பரிதியின் உள்ளங்கை பாம்பு கொத்துவதுபோல் போய்த் திரும்பியது, பந்து இவனிடம், இவனிடம்! தோளைச் சாய்த்தான், அந்தச் சாய்வு, பலகைப் பாலத்தின் சாய்வு, ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்ட இடமில்லை, நேரமில்லை, எங்கே நின்றானோ அங்கிருந்தே எம்பினான், அந்த எம்பலில் கொஞ்ச நேரம் தரைக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை, பந்து அவன் விரலை விட்டு வெயிலுக்குள் ஏறி, ஏறி, இறங்கி, வளையத்தில் படாமல் வலையை மட்டும் உதறிக்கொண்டு விழுந்தது. மைதானம் வெடித்தது. கஜபதி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். யாரோ, 'அதான்டா! அதான்டா எம் புள்ள!' என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். கரகரத்த குரல், எங்கோ கேட்ட குரல், துறைமுக வாசலில் தினமும் கேட்ட குரல். தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. முகத்தில் காற்று பட்டது, வெகு சுகமாக இருந்தது, அது எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே சிவப்பாக ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மறுநுனி அவர் கையில் இருந்தது. கையை இறக்கு என்றார் கையிடம். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அது நின்றது. எதிரே, குதிக்கிற கூட்டத்துக்கு நடுவில், ஆதிமூலம் குதிக்காமல் எழுந்தான். அவன் இங்கே பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. தன் பிள்ளையின் வெற்றி மேலேயே சைகை கொடுத்த தலைவனைப் பார்க்கிற பார்வை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைத் தாண்டினான். பானைப் பக்கம் இரண்டு பேர் தாண்டினார்கள். பந்தலுக்கு மேலிருந்து ஒரு வரிசையே இறங்கியது. 'வேணாம்!' என்று கத்தினார். ஆயிரம் பேர் கத்துகிற கத்தலில் அதுவும் ஒரு கத்தலாகப் போயிற்று. பிரசுரங்கள் வெள்ளையாக எழும்பி, வெயிலில் மினுங்கி, பூப்போல ஆடுகளத்தின்மேல் இறங்கின. பரிதி அண்ணாந்து அதைப் பார்த்தான். அப்புறம் தன்னை நோக்கி ஓடிவருகிறவர்களைப் பார்த்தான். சின்ன வயசிலிருந்து தன்னைத் தோளில் தூக்கித் திரிந்த ஆதிமூலம் மாமா முன்னால் வருவதைப் பார்த்தான். எல்லாரும் தன்னைத் தூக்கிக் கொண்டாட வருகிறார்கள் என்று நினைத்து, முகமெல்லாம் சிரிப்பாக, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தான். காலரிக்குப் பின்னால் கொட்டகையின் தகரக் கதவு நீளமாகக் கிறீச்சிட்டுத் திறந்தது.